பின்சக்கரத்தின் எடை

சுகாசினியிடம் டயர் விற்பது லேசுப்பட்ட காரியமில்லை என்று பிரேம்நாத்துக்கு அன்று காலையில்தான் உறைத்தது. கடையில் இருந்ததிலேயே அகலமான டயரை உருட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிறுத்தினான். பக்கவாட்டில் பளிச்சென்று வெள்ளை எழுத்து. வேறு யாராக இருந்தாலும் அதைப் பார்த்த மாத்திரத்தில் தடவிப் பார்த்திருப்பார்கள். இவளோ துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு, தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, வெள்ளை எழுத்துக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“இது எவ்ளோ வெயிட் தாங்கும்பா?”

“இத போட்டீங்கன்னா வண்டி நிக்கிற ஸ்டைலே வேறக்கா.”

“ஸ்டைல் கெடக்குது. வெயிட்டு கேட்டேன்.”

பிரேம்நாத் விலைப் பட்டியலைப் புரட்டினான். அதில் எடை இல்லை. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. காஞ்சிபுரத்தில் பிக்கப் வைத்திருப்பவர்கள் அவனிடம் விலையைக் கேட்பார்கள், தவணை கேட்பார்கள், வண்டி கம்பீரமாகத் தெரியுமா என்று கேட்பார்கள். எடையைக் கேட்டு வந்தவர் யாருமில்லை.

சுகாசினிக்குக் கேட்க வேண்டிய அவசியம் இருந்தது. ஓரிக்கையில் அவளும் அவள் புருஷன் டேனியலும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் தொழில் செய்கிறார்கள். கம்பத்தில் ஏறி லைட்டு கட்டுவது டேனியல் வேலை. லைட்டு செட்டையும் கம்பங்களையும் பிக்கப்பில் ஏற்றி, பின்னால் ஜெனரேட்டர் டிராலியைக் கொக்கியில் மாட்டி, ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போவது அவள் வேலை. அவர்களுக்கு வருஷத்துச் சோறு ஆடி மாதத்தில். அந்த ஆடியில் முதல் திருவிழா, மாகறலைத் தாண்டி இருக்கிற வேப்பஞ்சேரி அம்மனுக்கு. அங்கே வெளிச்சம் போட்டவர்களைத்தான் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் கூப்பிடுவார்கள். வேப்பஞ்சேரி வேண்டாமென்று சொன்னால் மற்ற ஊர்களும் சொல்லிவைத்தாற்போல் வேண்டாமென்று சொல்லிவிடும்.

போன ஆடியில் அதுதான் நடந்தது. ஊர்வலத்துக்கு முன்னால் வெளிச்சம் போட்டுக்கொண்டு சுகாசினியின் வண்டி போக, பின்னால் டிராக்டரில் அம்மன் வந்துகொண்டிருந்தாள். ஏரி மதகுப் பாலத்தின் மேல் ஏறியதும் பிக்கப்பின் பின்சக்கரம் பெரும் சத்தத்தோடு வெடித்தது. வண்டி ஒரு உலுக்கு உலுக்கி, டிராலி சாய்ந்து, கேபிள் அறுந்து, அத்தனை விளக்கும் ஒரே மூச்சில் அணைந்தன. அம்மன் இருட்டில் நின்றாள். ஜனங்கள் செல்போனில் டார்ச் அடித்து ஆத்தா முகத்தைப் பார்த்தார்கள்.

அதைக்கூட சுகாசினி தாங்கிக்கொண்டாள். திருவிழாத் தலைவர் கோதண்டபாணி சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பஞ்சாயத்துத் தலைவராக இருந்து ஓய்ந்த மனுஷர். வாய் தடிப்பு உண்டே தவிர வஞ்சகம் கிடையாது. ஆனால் அன்றைக்கு அவர் கையில் மைக் இருந்தது. டிராக்டர் பேட்டரியில் வேலை செய்யும் அந்த மைக் மட்டும் அணையாமல் இருந்து தொலைத்தது. “பொம்பள ஓட்டுற வண்டிய நம்புனது என் தப்பு” என்று அவர் அதில் சொன்னது ஏரிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

அப்புறம் அந்த ஆடி முழுக்க வண்டி வாசலிலேயே நின்றது. டயர் ஏன் வெடித்தது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வெயில் என்றான் டேனியல். பஞ்சர் கடைக்காரர் ட்யூபைக் குறை சொன்னார். பக்கத்து வீட்டில் கண்ணுபட்டுவிட்டது என்று பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். இதே தொழிலில் இருக்கும் சந்தோஷ்குமார், மொட்டை டயரை ஓட்டினால் வெடிக்காமல் என்ன செய்யும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். மொட்டையாவது மண்ணாங்கட்டியாவது. வெடித்த டயரில், தரையில் படுகிற பட்டன் பாதிகூடத் தேயவில்லை.

இந்த வருஷம் சுகாசினி நேரே கோதண்டபாணி வீட்டுக்கே போய் நின்று, இன்னொரு தடவை வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினாள். அவர் இரண்டு நிபந்தனை போட்டார். டயரை மாற்ற வேண்டும். அதுவும் தன் மகன் பிரேம்நாத் கடையில் மாற்றினால் நல்லது. இரண்டாவது, ஊர்வலத்தின் வாலில் சந்தோஷ்குமாரின் வண்டியும் வரும்.

“ஸ்டெப்னி மாதிரி வெச்சிக்கோம்மா. உன் வண்டி எங்க நிக்கிதோ அங்கேர்ந்து அவன் இஸ்துக்கினு போவான்” என்றார்.

“வரட்டும் தலைவரே. சும்மா நடந்து வர்றதுக்கு பதிலா வண்டில வரப் போறாரு, அவ்ளோதான” என்று சொல்லிவிட்டு வந்தாள். பக்கத்தில் நின்ற டேனியல் தலைவருக்கு இன்னொரு கும்பிடு போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடிவந்தான்.

அதனால்தான் இன்றைக்கு இந்தக் கடையும் இந்தப் பொடி எழுத்தும். பிரேம்நாத் ஒருவழியாகத் தன் கால்குலேட்டரைக் கையில் எடுத்தான். “வண்டி, லோடு, டிராலி எல்லாம் சேத்து எடை இன்னாக்கா?” என்று கேட்டான். அவள் மனப்பாடமாகச் சொன்னாள். வாலாஜாபாத் எடைமேடையில் போட்ட எடை. அவன் அதை ஆறு சக்கரத்துக்குப் பிரித்துப் பார்த்தான். அவள் கூடவே கொண்டுவந்திருந்த வெடித்த டயரின் எழுத்தையும் பார்த்தான். திரும்பவும் ஒரு முறை தட்டினான்.

“கணக்குப்படி அந்த டயர் வெடிச்சிருக்கவே கூடாதுக்கா.”

“வெடிச்சுதே.”

“அதான் புரியல.”

“புரியலன்னா நான் எத நம்பி வாங்குறது? அதே கணக்குல இதுவும் வெடிக்கும். அழகா வெடிக்கும்” என்று எழுந்து, முட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டாள். “நான் வாலாஜாபாத் போயி மறுபடி எடை பாக்கப் போறேன். வர்றியா?”

பிரேம்நாத் போயிருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் தன் கால்குலேட்டர் பொய் சொல்லிவிட்டது அவனுக்கும் உறுத்திக்கொண்டிருந்தது. கடையைப் பையனிடம் விட்டுவிட்டு பைக்கை எடுத்தான்.

திருவிழாவுக்குப் போகிற மாதிரியே முழு லோடோடு வண்டியைக் கட்டிக்கொண்டு, டேனியலையும் ஏற்றிக்கொண்டு சுகாசினி கிளம்பினாள். வாலாஜாபாத்தில் அரிசி ஆலைகளுக்குப் பக்கத்திலிருக்கும் எடைமேடை ஆதிகேசவனுடையது. தரையோடு தரையாக ஒரு நீளமான இரும்புத் தகடு. வண்டி அதன்மேல் ஏறி நின்றால் கண்ணாடி அறைக்குள் எடை ஒளிரும். சுகாசினியின் அப்பா முனிரத்தினம் அந்த ஆலைகளில் மூட்டை தூக்கியவர் என்பதால் ஆதிகேசவனுக்கு அவளைச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அவள் முன்சக்கரம் இரண்டை மட்டும் தகட்டின்மேல் ஏற்றிவிட்டு நிறுத்தினாள். உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

“யம்மா, சக்கரம் வெளிய இருக்குது பாரு. எல்லாத்தையும் ஏத்து.”

“தெரிஞ்சிதாண்ணா நிறுத்துனேன்.”

ஆதிகேசவன் வெளியே வந்துவிட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. எடைமேடையில் ஒரு சக்கரத்தை வெளியே விடுவதென்றால் அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நெல் வாங்குகிறவன் சக்கரத்தை வெளியே விட்டு எடையைக் குறைத்து, விவசாயியின் வயிற்றில் அடித்த காலம் ஒன்று இருந்தது. அப்படி வந்த ஆட்களை அவர் கொம்பை எடுத்துக்கொண்டு துரத்தியிருக்கிறார். எல்லாச் சக்கரமும் ஏறினால்தான் எடை. இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய். இந்த நேர்மையால்தான் தன் வண்டியின் எந்தச் சக்கரம் எவ்வளவு சுமக்கிறது என்று அந்த வட்டாரத்தில் ஒரு ஆளுக்கும் தெரியாமல் போயிற்று.

“முனிரத்தினம் பொண்ணா இருந்துக்கினு இப்டி பண்றியே” என்றார்.

“எடைச் சீட்டு வேணாம்ணா. நம்பர் மட்டும் பாத்துட்டுப் போயிடுறேன். சீட்டு இருந்தாதான திருட்டு?”

அவர் தாடையைச் சொறிந்தார். பிறகு உள்ளே போய், சீட்டு அடிக்கும் மிஷினின் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, “ம், பாரு” என்றார்.

முன்சக்கரத்தின் எடையைப் பார்த்தார்கள். அடுத்து பிக்கப்பின் நாலு சக்கரத்தையும் ஏற்றி, டிராலியின் சக்கரங்களை மட்டும் தரையில் விட்டுப் பார்த்தார்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவது பின்சக்கரங்களின் பாரம். பிரேம்நாத் கழித்தான். கழித்தவன் முகத்தில் ஈயாடவில்லை.

“ரெண்டாயிரத்து நானூறுக்கு மேல நிக்கிதுக்கா. அந்த ரெண்டு டயரும் சேந்து ரெண்டாயிரம்கூட தாங்காது.”

“முன்னாடி?”

“முன்னாடி ஒண்ணுமே இல்ல. காலியா வர்ற வண்டி மாதிரி இருக்குது.”

சுகாசினி பின்னால் போய்க் கொக்கியைக் குனிந்து பார்த்தாள். பிறகு டேனியலைப் பார்த்து, “கொக்கிய கழட்டு” என்றாள். டிராலிக்கு முட்டுக் கொடுத்துக் கொக்கியைக் கழற்றியதும் பிக்கப்பின் வால் சட்டென்று மேலே எழுந்தது. கண்ணாடி அறைக்குள் எண் மடமடவென்று இறங்கியது. தகட்டின்மேல் காலே வைக்காத டிராலி, இத்தனை நேரமும் பிக்கப்பின் முதுகில் சொகுசாக உட்கார்ந்துகொண்டு வந்திருக்கிறது.

மூன்று பேரும் டிராலியைச் சுற்றி வந்தார்கள். பார்த்ததும் சுகாசினிக்கு விளங்கிவிட்டது. ஜெனரேட்டரில் எஞ்சின் இருக்கிற பக்கம்தான் கனம். அந்தப் பக்கம் கொக்கியை ஒட்டி, டிராலியின் முன்விளிம்பில் இருந்தது. போதாததற்கு டீசல் பேரலும் அங்கேயே. ஆரம்பத்தில் அப்படி இல்லை; எஞ்சின் பின்னால்தான் இருந்தது.

“யார்யா இத திருப்பி வெச்சது?” என்று கேட்டாள். கேட்கும்போதே விடை அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

டேனியல் தலையைச் சொறிந்தான். “நான்தாமே செயின் பிளாக் போட்டு தூக்கித் திருப்புனேன். போன வருசம் ஊர்வலத்துக்கு மொத நாளு தலைவர் சொன்னாரே. நம்ம வண்டி முன்னாடி போவுது, ஆத்தா பின்னாடி வர்றா, சைலன்சர் பொகை நேரா ஆத்தா மூஞ்சில அடிக்குதுன்னாரே.”

பிரேம்நாத் நிமிர்ந்து பார்த்தான். தலைவர் என்றால் அவன் அப்பா. புகை சாமிமேல் படக்கூடாது என்பதில் தப்பொன்றும் இல்லை; பக்தியோடுதான் சொன்னார். புகையைத் திருப்பச் சொன்னவர் அதோடு கூடவே பாரமும் திரும்புமென்று நினைக்கவில்லை. டேனியலும் நினைக்கவில்லை, வண்டி ஓட்டிய சுகாசினியும்தான் நினைக்கவில்லை. அந்த எரிச்சல் அவளுக்குத் தன்மேலேயே வந்தது.

“அப்பா கிட்ட நான் சொல்றேன்க்கா” என்றான் பிரேம்நாத்.

“வாயத் தெறக்காத. இப்ப சொன்னா சாக்கு சொல்றேன்னு சொல்லுவாரு. மதக தாண்டிட்டு சொல்லிக்கலாம்” என்றாள். “இப்ப டயரு சொல்லு. வெயிட்டு தாங்குறது எது?”

இந்தத் தடவை பிரேம்நாத் ஸ்டைலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கனரக வண்டிக்கென்று அதே அளவில் அடுக்கு அதிகமுள்ள டயர் வருகிறது, ஒவ்வொன்றும் ஆயிரத்து இருநூறு கிலோ தாங்கும் என்றான். பார்க்க ஒல்லியாக, கோடு போட்டாற்போல் இருக்கும். காலி வண்டியில் போனால் இடுப்பைக் கழற்றிவிடும். காற்றும் அதிகம் பிடிக்கும்.

“இன்னொண்ணுக்கா. டயர் தாங்குதேன்னு ஏத்திக்கினே போவக் கூடாது. அச்சும் அடில இருக்கிற வில்லுப் பட்டையும் பழசுதான். டயர மாத்துனா பிக்கப்பு லாரி ஆயிடாது. பாரத்தையும் கொறைக்கணும்.”

“அப்டிச் சொல்லு. இதக் கேக்கத்தான் உன் கடைக்கு வந்தேன்” என்றாள். அவன் காது சிவந்துபோனது.

எஞ்சினைத் திரும்பப் பின்னால் வைக்கலாமா என்று டேனியல் கேட்டான். வேண்டாமென்றாள். புகை ஆத்தாமேல் படும். அது அவளுக்கும் பிடிக்கவில்லை. அதோடு டிராலியின் வால் கனத்தால் ஓட்டத்தில் அது ஆட்டம் போடும். எஞ்சின் முன்னாலேயே இருக்கட்டும், மொத்த ஜெனரேட்டரையும் ஒரு முழம் பின்னுக்குத் தள்ளி, டிராலியின் அச்சுக்கு மேல் உட்காரவைத்து, டீசல் பேரலைப் பின்விளிம்புக்குக் கொண்டுபோனால் போதும். அங்கேயே பக்கத்துப் பட்டறையில் புது ஓட்டை போட்டு போல்ட்டை முறுக்கினார்கள். பிக்கப்பில் வால் பக்கம் கிடந்த கேபிள் சுருளையெல்லாம் கேபினை ஒட்டி அடுக்கினார்கள். பிறகு திரும்பவும் தகட்டின்மேல் ஏற்றினாள். பின்சக்கரத்தின் பாரம் ரெண்டாயிரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஆதிகேசவன் இப்போது தானே சக்கரம் எங்கே நிற்கிறதென்று குனிந்து பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரேம்நாத் கடையில் அந்த டயர் இல்லை. யாரும் கேட்காததை யார் வாங்கி அடுக்குவார்கள்? லாரி டயர் விற்கிற சிநேகிதனிடம் சொல்லி வரவழைத்துப் பின்னால் மாட்டிக்கொடுத்தான். டேனியல் வழக்கம்போல, “வெயிலுக்குக் கொஞ்சம் காத்து கொறைச்சி வெச்சிக்கலாமே” என்று ஆரம்பித்தான்.

“உன் காத்த கொறைச்சிக்கோ” என்றாள் சுகாசினி. “அதுல எழுதியிருக்கிற காத்த புடிடா ராசா.”

ஆடி முதல் வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வேப்பஞ்சேரியில் ஊர்வலம் கிளம்பியது. புது டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் சுகாசினி வண்டியை எடுத்தாள். டேனியல் அதற்கு முன்னாலேயே ஜெபம் செய்து முடித்திருந்தான். எந்தப் பக்கமும் பாக்கி வைக்கவில்லை. பின்னால் டிராக்டரில் அம்மன், கழுத்து தெரியாத அளவுக்கு மாலை. அதற்கும் பின்னால், ஜனங்களின் வாலில், சந்தோஷ்குமாரின் வண்டி.

தலைவர் என்கிற முறையில் கோதண்டபாணி அம்மன் பக்கத்தில்தான் நடக்க வேண்டும். ஆனால் மனுஷர் பிக்கப்பின் பின்சக்கரத்தை ஒட்டி நடந்து வந்தார். கையில் டார்ச் லைட். அத்தனை வெளிச்சத்திலும் சக்கரத்தைப் பார்த்து டார்ச் அடித்துக்கொண்டே வந்தார். அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. கண்ணாடியில் அதைப் பார்க்கப் பார்க்க சுகாசினிக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மதகுப் பாலம் வந்தது. ஜனங்கள் பேச்சைக் குறைத்தார்கள். மேளக்காரர்கூட அடியைத் தளர்த்தினார். சுகாசினி மெதுவாகப் பாலத்தின் மேல் ஏற்றினாள். போன வருஷம் வெடித்த அதே இடத்துக்கு வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டாள்.

“நின்னுட்டுதுபா” என்று யாரோ சொன்னார்கள். பின்னால் சந்தோஷ்குமார் வண்டியைக் கிளப்பி முறுக்கும் சத்தம் கேட்டது. கோதண்டபாணியின் முகம் பேயறைந்தாற்போல் ஆயிற்று. பக்கத்து சீட்டில் இருந்த டேனியல் ஜெபத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். ஆனால் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஜெனரேட்டரும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சுகாசினி கதவைத் திறந்து இறங்கி, பின்சக்கரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“தலைவரே, டார்ச் அடிச்சி ஒண்ணும் தெரியாது. கைய வெச்சி பாருங்க.”

அவர் ஒன்றும் புரியாமல் குனிந்து கையை வைத்தார். போன வருஷம் வெடித்த பிறகு தொட்டபோது கொதித்துக்கொண்டிருந்தது அவருக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும். இப்போது வெதுவெதுப்பு மட்டும்தான். இன்னொரு சக்கரத்தையும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

“இன்னாம்மா பண்ண?”

“பாரம் தாங்குற டயரா போட்டேன். ஜெனரேட்டர ஒரு மொழம் பின்னாடி தள்ளுனேன். அவ்ளோதான் தலைவரே.”

“பொகை?”

“பொகை முன்னாடிதான் போவுது. ஆத்தா மேல படல.”

கூட்டத்திலிருந்து பிரேம்நாத் முன்னால் வந்தான். “அப்பா, அத திருப்பி வெக்கச் சொன்னது நீங்கதான். மொத்த வெயிட்டும் வண்டி முதுவுல ஏறிடுச்சி. எடை போட்டு நானே பாத்தேன். டயர் அதுலதான்பா வெடிச்சுது” என்றான். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துதான் பேசினான். ஆனாலும் சொல்லி முடித்தான்.

கோதண்டபாணி டிராலியைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், புகை போகும் திசையைப் பார்த்தார். விவசாயம் பார்த்த மனுஷர், பார வண்டி கட்டி ஓட்டியவர். நுகத்தடியில் பாரம் ஏறினால் மாட்டின் கழுத்து என்ன ஆகுமென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வேறொருவராக இருந்தால் மகனை முறைத்துவிட்டு, சரி சரி நடங்கள் என்று மழுப்பியிருப்பார். இவர் டிராக்டர் அருகே போய் மைக்கை வாங்கினார்.

“போன வருசம் இதே எடத்துல ஒண்ணு சொன்னேன். வண்டி நின்னது அந்தப் பொண்ணால இல்ல. என்னாலதான். நான் சொன்ன யோசனையாலதான் டயர் வெடிச்சுது. வண்டி ஓட்டுறதுல அது மேல ஒரு தப்பும் கெடையாது.” கொஞ்சம் நிறுத்தினார். “சந்தோசு, நீ வீட்டுக்குப் போப்பா.”

அது ஏரிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கினாற்போல் இருந்தது சுகாசினிக்கு. கண் கலங்கியது, அதை யாரும் பார்ப்பதற்குள் வண்டியில் ஏறிக்கொண்டாள். ஏறி, தலையை வெளியே நீட்டினாள்.

“தலைவரே, ஆத்தா காத்துக்கினு இருக்கா. போலாமா?”

“போம்மா” என்றார் கோதண்டபாணி.

வண்டி பாலத்தைத் தாண்டியது. சுகாசினி கண்ணாடியில் பார்த்தாள். சக்கரத்தின் பக்கத்தில் யாருமில்லை. கோதண்டபாணி டார்ச்சை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வெகு பின்னால், அம்மனுக்குப் பக்கத்தில் நடந்து வந்துகொண்டிருந்தார்.